புகை உண்டு, நெருப்பு உண்டு; ஆகவே?

"எனக்கு லாஜிக் வராது சார்!"

குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. ஏன் வராது என்று கேட்டால், "ரெண்டு மாதிரித் தேர்விலும் அந்தக் கேள்விகள் எல்லாமே தப்பு" என்கிறார்கள். தம்பி, கொஞ்சம் நில்! இதையே கேள்வித்தாளில் அச்சடித்துத் தந்தால்? 'ஒருவன் இரண்டு முறை தவறினான். ஆகவே அவனுக்கு ஒருபோதும் வராது. இந்த வாதத்தின் பிழை எது?' இரண்டே முறை நடந்ததை வைத்து ஆயுள் முழுமைக்கும் தீர்ப்பு எழுதியதுதான் பிழை. பார், பிடித்துவிட்டாய்! வராது என்று யார் சொன்னது?

முதல்நிலைத் தேர்வின் திறனறித் தாளான சிசாட்டில் 80 கேள்விகள், 200 மதிப்பெண். 33 விழுக்காடு எடுத்தால் போதும். ஆனால் தவறான விடைக்கு, அந்தக் கேள்விக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு பறிபோகும். கேள்வித்தாளில் தமிழ் இல்லை, ஆங்கிலமும் இந்தியும்தான். அந்தப் பாரம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் வாதத்தில் ஓட்டை எங்கே என்று மோப்பம் பிடிக்கும் அறிவுக்கு மொழி ஏது?

தமிழுக்கு அது புதிதும் அல்ல. மணிமேகலையைத் திறந்து பார். பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலைக் கற்பிக்கும்போது பக்கப் போலி ஒன்பது, ஏதுப் போலி பதினான்கு, எடுத்துக்காட்டுப் போலி பத்து என்று 33 வகைப் போலிகளை, அதாவது வாதப் பிழைகளை, பிரித்துக் காட்டுகிறார். காப்பியத்தின் கதாநாயகி உட்கார்ந்து தர்க்கம் படிக்கிறாள்! அந்த மொழியில் பேசிப் பழகிய உன் நாக்கா 'வராது' என்கிறது?

அளவை நூல்களுக்குப் பிடித்தமான எடுத்துக்காட்டு அடுப்பங்கரைதான். புகை இருந்தால் நெருப்பு இருக்கும். அப்படியானால், நெருப்பு இருந்தால் புகை இருக்குமா? கொல்லன் உலையில் பழுக்கக் காய்ந்த இரும்பைப் பார். அனல் உண்டு, புகை இல்லை. இப்போது இதைப் படி: 'தேர்ச்சி பெற்ற அனைவரும் தினமும் செய்தித்தாள் படித்தவர்கள். கவிதா தினமும் படிக்கிறாள். ஆகவே தேர்ச்சி பெறுவாள்.' அதே அடுப்பு, அதே புகை, தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்!

இன்னொரு பொறி, கண்ணில் படாததை மறக்கவைப்பது. 'வென்ற ஐம்பது பேரும் எங்களிடம் படித்தவர்கள்' என்று பயிற்சி மையத்தின் சுவரொட்டி முழங்கும். சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? தோற்றவர்கள் எங்கே? இதே கேள்வியோடு இரண்டாம் உலகப்போரில் மல்லுக்கட்டியவர் ஆபிரகாம் வால்ட். யூதர் என்பதால் ஐரோப்பாவில் பல்கலைக்கழக வேலை மறுக்கப்பட்டு, 1938இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த கணித மேதை. குண்டடி பட்டுத் திரும்பிய போர்விமானங்களின் ஓட்டைகளை மட்டும் எண்ணினால் போதாது, திரும்பாமல் போனவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1943இல் அதற்கான கணிதத்தை வகுத்தார். திரும்பியவற்றில் ஓட்டையே இல்லாத இடம்தான் ஆபத்தான இடமாக இருக்கலாம்; அங்கே அடிபட்டது திரும்பியிருக்காது அல்லவா? இந்தியாவுக்கு வந்த அந்த மனிதர் 1950 டிசம்பரில் நம் நீலகிரியில் நடந்த விமான விபத்தில் மனைவியோடு இறந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

தங்கையே, ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதே. தேர்வில் தரும் விடைகளில் ஒன்று உலக உண்மையாகவே இருக்கும். படித்ததும் தலை தானாக ஆடும். அந்த வாதத்தின் ஓட்டையை அது தொடவில்லையென்றால் இரக்கமே இல்லாமல் அடித்துப் போடு!

இன்றிரவே பழைய கேள்வித்தாளில் பத்து வாதங்களை எடு. விடைகளைக் கையால் மூடு. முடிவு எந்த வரி, காரணம் எந்த வரி என்று கோடு போடு. காரணத்திலிருந்து முடிவுக்குத் தாவும்போது எதைச் சொல்லாமல் விழுங்கினார்கள் என்பதை உன் தமிழில், உன் வார்த்தையில், ஒரே வரியில் எழுது. எழுதி முடித்த பிறகு கையை எடு.