அகத்தூண்டலும் அமானிதமும்

கலை எங்கிருந்து பிறக்கின்றது என்னும் வினாவுக்கு இருவேறு விடைகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. கலைஞன் தன்னை மீறிய ஓர் ஆற்றலின் கருவியே என்பது ஒன்று. காந்தக்கல் இரும்பு வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஈர்ப்பது போல, தெய்வ ஆவேசம் கவிஞனையும் அவன் வழியே பாடுவோனையும் கேட்போனையும் பற்றிக்கொள்கின்றது எனப் பிளேட்டோ ‘அயன்’ என்னும் உரையாடலிற் காட்டினார். பண்டை அராபியர் கவிஞனுக்குப் பின்னால் ஒரு ஜின் நிற்பதாக நம்பினர். ‘கருவிலே திருவுடையார்’ என்னும் தமிழ் வழக்கும் இக்கருத்தின் பாற்பட்டதே. மற்றைய விடை இதற்கு நேர்மாறானது. அமெரிக்கக் கவிஞர் எட்கர் அலன் போ, 1846இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், தமது கவிதை கணக்கொன்றைத் தீர்ப்பது போலப் படிப்படியாகத் திட்டமிட்டு ஆக்கப்பட்டதெனக் கூறினார்.

இவ்விரு கொள்கைகளும் முரண்பட்டனவாகத் தோன்றினும் ஒரு வகையில் ஒன்றுபடுகின்றன. முன்னையது கலைஞனைத் தெய்வத்தோடு தனியே நிறுத்துகின்றது; பின்னையது அவனைத் தன் அறிவோடு தனியே நிறுத்துகின்றது. அவனுக்கு மொழியையும் வடிவத்தையும் அனுபவத்தையும் தந்த மக்கள் இரண்டிலும் இடம்பெறுவதில்லை. இது அழகியற் குறைபாடு மட்டுமன்று, அறக் குறைபாடுமாகும். கலை எங்கிருந்து வந்தது என்பதற்குக் கூறும் விடையைப் பொறுத்தே, அது யாருக்குக் கடமைப்பட்டது என்பதற்கான விடையும் அமைகின்றது.

இவ்வினாவை ஆராய்வதற்குக் கிழக்கிலங்கையின் நாட்டார் கவி மரபு தக்கதொரு களமாகும். கல்முனை நகரை அடுத்துள்ள நற்பிட்டிமுனை, தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் ஊர். 1961இல் அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படும்வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இதன் வாய்மொழி மரபும் மட்டக்களப்பு மரபின் ஒரு கிளையே. இங்கு ‘கவி’ என்பது நான்கடியில் அமைந்து வாய்மொழியாகப் பாடப்படும் பாடலையும் குறிக்கும். மச்சானும் மச்சியும் ஒருவருக்கொருவர் மறுமொழியாகப் பாடுவனவாக அமைந்த கவிகள் பல. காதல், பிரிவு, வயல்வேலையின் களைப்பு, தாயின் கண்டிப்பு ஆகியன இவற்றின் பொருள். பாடியோருட் பலர் எழுத்தறியாதோர். அவர்களுட் பெண்கள் மிகப் பலர்.

ஒருவர் பாடிய கவிக்கு அக்கணமே மறுகவி கட்டும் ஆற்றலைக் காண்போர், அதனை அருட்பேறு என்று எண்ணுதல் இயல்பே. ஆயினும் நுணுகி நோக்குமிடத்து, அவ்வாற்றல் வெறுமையிலிருந்து எழுவதன்று என்பது புலனாகும். இசை முன்னரே உள்ளது. நான்கடிச் சட்டகம் முன்னரே உள்ளது. விளித்தொடர்களும் உவமைகளும் தலைமுறை தலைமுறையாகக் காதிற் படிந்தவை. பாடுபவள் அக்கணத்திற் செய்வது, பொதுச்சொத்தான அக்களஞ்சியத்திலிருந்து தன் துயருக்குப் பொருந்துவதைத் தேர்ந்து, அதனோடு தனதொன்றைச் சேர்ப்பதாகும். அக்கணம் அவளுடையது, களஞ்சியம் ஊருடையது.

இவ்வுண்மையை நன்னூற் பாயிரம் ஓர் உருவகத்தால் உணர்த்துகின்றது. சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் அது கொள்கின்றது. நூற்பவளின் திறன் இன்றேல் நூல் இல்லை. எனினும் பஞ்சை விளைவித்தவள் அவளல்லள். நற்பிட்டிமுனைக்கு அண்மையில் உள்ள மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பேர்பெற்றது. அங்கும் தறியில் நாடா ஓடுவதற்கு முன்னரே நூலுக்குச் சாயமேற்றல், நூல் சுற்றல், பாவு ஆயத்தம் செய்தல் எனப் பல கைகளின் வேலை முடிந்திருக்கும். துணியைப் பார்ப்பவன் கண்ணுக்கு அக்கைகள் புலப்படுவதில்லை.

அவ்வாறாயின் கலைஞனுக்கும் அவன் பெற்றுக்கொண்டவற்றுக்கும் இடையிலான உறவை எவ்வாறு பெயரிடுவது? இப்பகுதி முஸ்லிம்களிடையே வழங்கும் ‘அமானிதம்’ என்னும் சொல் ஈண்டு உதவுகின்றது. ஒருவர் நம்பி ஒப்படைத்ததைப் பழுதின்றிப் பேணி, உரியவரிடம் மீள ஒப்படைக்கும் பொறுப்பையே அது குறிக்கும். அமானிதத்தை ஏற்றவன் அதன் காவலனேயன்றி உடைமையாளன் அல்லன்.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். அமானிதம் பெற்றவாறே திருப்பித் தரப்படவேண்டியது. கலையோ பெற்றதை மாற்றியமைப்பது. ஆதலின் ஒப்புமை பொருந்தாது என்பர். விதைநெல்லை எண்ணினால் இத்தடை நீங்கும். அதனைப் பட்டறையில் வைத்துப் பூட்டுவது பேணுதலாகாது. விதைத்தால் மட்டுமே அது நிலைக்கும். பெரியநீலாவணையிற் பிறந்த கவிஞர் நீலாவணன் (1931–1975) தம் மண்ணின் வேளாண் வாழ்வைக் காவியப் பொருளாக்கினார். அவர் மறைவுக்குப் பின் 1982இல் ‘வேளாண்மை’ நூலுருப் பெற்றது. அவ்வாழ்வை அறிந்தோர் பல்லாயிரவர். காவியம் செய்தவர் அவரே. பெற்றுக்கொண்டதை ஏற்றுக்கொள்வதால் கலைஞனின் உழைப்பு சிறுமையடைவதில்லை என்பதற்கு இது சான்று.

மற்றுமொரு தடை இதனினும் வலியது. கலை ஒரு சமூகத்தின் அமானிதமெனின், கலைஞன் அச்சமூகத்தின் ஊதுகுழலாகிவிடானோ என்பதே அது. 1990ஆம் ஆண்டின் வன்செயல்கள் கிழக்கில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே ஆழ்ந்த பிளவை உண்டாக்கியமையை எண்ணும்போது இவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் அமானிதம் பேணுபவன் ஒப்படைத்தவனைப் புகழக் கடமைப்பட்டவன் அல்லன். பொருளுக்கு உண்மையாயிருக்கவே கடமைப்பட்டவன். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது, கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான் ‘புத்தரின் படுகொலை’ என்னும் கவிதையை எழுதினார். அக்கவிதையிற் கொல்லப்படுபவர் புத்தரே. முஸ்லிம் கவிஞர் ஒருவர், தமிழரின் நூலகத்துக்கு நேர்ந்த இழப்பை, பௌத்தர் போற்றும் புத்தரின் பெயரால் உரைத்தார். கலைஞன் ஏற்கும் அமானிதம் அவன் பிறந்த சமூகத்தின் எல்லையோடு முடிவதில்லை.

அல்குர்ஆனின் 26ஆவது அத்தியாயம் ‘கவிஞர்கள்’ எனப் பெயர்பெற்றது. தாம் செய்யாதவற்றைச் சொல்லும் கவிஞரை அதன் இறுதி வசனங்கள் கண்டிக்கின்றன; நம்பிக்கை கொண்டு நற்செயல் புரிவோருக்கும், அநீதியிழைக்கப்பட்டபின் தம்மைக் காத்துக்கொள்வோருக்கும் விலக்களிக்கின்றன. கவிதை எவ்வாறு வந்தது என்பதைவிட, சொல்லியவன் அதற்கேற்ப நிற்கின்றானா என்பதே ஆங்கு உரைகல்லாகின்றது.

இவ்வுரைகல்லைப் படித்தோர் தம்மீதும் பிரயோகித்தல் வேண்டும். வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) முதலான நூல்களாலும், நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோரின் தொகுப்பு முயற்சியாலும் கிழக்கின் நாட்டார் கவிகள் பல அழியாது காக்கப்பட்டன. இப்பணியின் பெறுமதி பெரிது. எனினும் நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லை என்னும் கோட்பாட்டைக் காரணங்காட்டி, பாடியவளின் பெயரையும் ஊரையும் குறியாது விடுவது நேர்மையாகாது. ஆசிரியர் இல்லையெனினும் பாடியவள் உண்டு. நினைவிற் சுமந்து காத்தவள் அவளே. அவள் விரும்பின் அவள் பெயரைப் பதிவதும், அவள் மொழியை ஏட்டுத்தமிழாகத் திருத்தாதிருப்பதும், அச்சேறிய நூலை அவள் வீட்டுக்கு எடுத்துச்சென்று படித்துக்காட்டுவதும் எளிய செயல்கள். அவ்வளவேனும் செய்யாதவர்கள் கலையின் தோற்றம் பற்றிப் பேசும் பேச்சு, தாம் செய்யாததைச் சொல்வோர் பேச்சாகவே முடியும்.