அவசரத்தை யார் சுமப்பது?

கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ நிரந்தர வாசத்துக்கு மனுச் செய்திருக்கும் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு எழாத கல்யாண வீடு இன்று சித்தூரிலும் திருப்பதியிலும் அரிது. போவதா இருப்பதா, போனவர்கள் திரும்புவார்களா, பெற்றோரின் அந்திமக் காலத்தில் துணை யார் என்ற பெரிய வினாக்களை நாம் மிகுந்த சிரத்தையோடு விவாதிக்கிறோம். ஆனால் அற்பமென்று அவ்வினாக்களுக்கு நடுவே ஒதுக்கப்பட்டுக் கிடக்கும் ஒரு காரியத்தில்தான், அதாவது மனுவுக்கு வேண்டிய பத்திரங்களைக் காலத்துக்கு முன்பே சாவகாசமாகத் திரட்டி வைப்பதில்தான், பெற்றோரிடம் பிள்ளைக்குள்ள பரிவு முதன்முதலாகப் பரீட்சிக்கப்படுகிறது என்று நான் நம்புகிறேன்.

கனடாவின் முறையை எடுத்துக்கொள்வோம். 2015 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள எக்ஸ்பிரஸ் என்ட்ரி ஏற்பாட்டின்படி, வயது, படிப்பு, மொழித் தேர்ச்சி, உத்தியோக அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் கணக்கிடப்பட்டு, முன்னணியில் நிற்பவருக்கு அழைப்பு வருகிறது. அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் சகல பத்திரங்களோடும் மனு பூர்த்தியாக வேண்டும். மகன் டொரன்டோவிலோ பெங்களூரிலோ இருக்கிறான். பத்திரங்களோ ஊரில் இருக்கின்றன. ஆகவே மறுநாள் காலை முதல், எழுபது வயதைத் தொட்ட தகப்பனார், சித்திரை வெயிலில், அரசுச் சான்றுகள் வழங்கும் மீசேவா மையத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நோட்டரியிடத்துக்கும் நடந்து, அங்கே போதாதென்று சொல்லப்பட்டபின் பஸ் ஏறித் திருப்பதிக்குச் சென்று, பல்கலைக்கழக அலுவலகத்தில் டிரான்ஸ்கிரிப்டுக்காகக் காத்துநின்று, மாலையில் வீடு திரும்பி, “இன்றைக்கு அந்த கிளார்க் லீவாம்ப்பா, நாளைக்குப் போகிறேன்” என்று போனில் சொல்கிறார். பிள்ளை பட வேண்டிய அவசரம் முழுவதையும் அவருடைய முழங்கால்கள் படுகின்றன. இப்படி அலையும் பெரியவர்களை இவ்விரு ஊர்களிலும் நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களில் ஒருவரும் முறையிட்டுக் கேட்டதில்லை. அவர்கள் முறையிடாததாலேயே பிள்ளைகளுக்கு இது தெரியாமல் போகிறது.

நம் ஜில்லாக்காரருக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. 1911-இல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்தெடுத்து அமைக்கப்பட்ட சித்தூர் ஜில்லா, 1953 அக்டோபர் முதல் தேதி சென்னை ராஜ்யத்தை விட்டு ஆந்திர ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1960 ஏப்ரலில் திருத்தணிப் பகுதி, எல்லைத் தகராறில் படாஸ்கர் அளித்த தீர்ப்பை ஒட்டிச் சென்னையோடு மீண்டும் இணைந்தது. 1984-இல் கர்ணம், முன்சீப் என்ற கிராம உத்தியோகங்கள் எடுபட்டன. அடுத்த ஆண்டில் தாலுகாக்கள் போய் மண்டலங்கள் வந்தன. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி ஜில்லாவாயிற்று. இந்தப் புது ஜில்லாவில் சேர்ந்த சந்திரகிரியை விட்டு ஒரு நாளும் வெளியே குடியேறாத ஒருவருக்கு, ஜனனப் பத்திரத்தில் ஒரு ஜில்லாவும் புதிய அடையாள அட்டையில் வேறொரு ஜில்லாவும் இருப்பது சகஜம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் நம் வழக்கமோ இச்சிக்கலை இரட்டிப்பாக்கிவிடுகிறது: பிள்ளை வேலூரிலோ குடியாத்தத்திலோ பிறந்திருக்கும், ஜனனப் பதிவு தமிழ்நாட்டில் தமிழிலும், படிப்பெல்லாம் ஆந்திரத்தில் தெலுங்கிலும் இருக்கும். கனடாவில் அமர்ந்து இவற்றை ஒப்புநோக்கும் அதிகாரிக்கு இந்தச் சரித்திரமெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஜில்லா பிரிந்ததற்கான அரசாணையின் பிரதியையும், ஒரு விளக்கக் கடிதத்தையும், ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அவருக்குப் புரியவைக்க வேண்டியது நம் பொறுப்பு; அந்தப் பொறுப்பை நிதானமாக நிறைவேற்ற அறுபது நாட்கள் போதா.

பெயர் விஷயம் இன்னும் கடினமானது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டுக்கொள்ளும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையை, இண்டிபேரு என்னும் தெலுங்குக் குடும்பப் பெயர் இல்லாத ஒரு மனிதன் இருக்க முடியும் என்று எண்ணாத பள்ளிக்கூடத்துப் பதிவேடு ஒரு விதமாக எழுதிக்கொள்கிறது. பாஸ்போர்ட்டுக்காக அந்த இனிஷியலை விரித்தெழுதும்போது பெயர் இன்னொரு விதமாகிறது. தெலுங்கில் ழகரத்துக்கு எழுத்து இல்லாமையால், பழனி என்ற பெயர் ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒரு பத்திரத்தில் ஒரு எழுத்தோடும் மறு பத்திரத்தில் வேறு எழுத்தோடும் போய்ச் சேர்கிறது. இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் பிரமாணம் செய்து அபிடவிட் பெறலாம், மெய்தான். ஆனாலும் ஜனனப் பத்திரம், பத்தாம் வகுப்பு மார்க்ஷீட், பட்டம், பாஸ்போர்ட் ஆகிய அனைத்தையும் ஒருநாள் ஒரே மேஜையில் பரப்பி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, திருத்தக் கூடியதைத் திருத்திவிடுவதே உத்தமம். 1969-ஆம் ஆண்டின் ஜனன மரணப் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்குமேல் பதியாமல் விடப்பட்ட ஜனனத்தைப் பதிய மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும் என்பதை நினைத்தால், இத்தகைய காரியங்கள் எவ்வளவு காலம் கேட்பவை என்பது விளங்கும்.

முன்கூட்டித் திரட்டுவது என்றால் எல்லாவற்றையும் இன்றே வாங்கிப் பெட்டியில் பூட்டுவதன்று. படிப்பை மதிப்பிட்டுத் தரும் அறிக்கை ஐந்து ஆண்டுகள் செல்லும். மொழிப் பரீட்சையின் முடிவு இரண்டு ஆண்டுகளே. தற்போது வசிக்கும் தேசத்தின் போலீஸ் நற்சான்றோ, மனுவுக்கு முந்திய ஆறு மாதங்களுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும். இவற்றை அவசரப்பட்டு வாங்கினால் காலாவதியாகிப் பணமும் பிரயத்தனமும் வீணாகும். இதற்கு நேர்மாறானது வேலைபார்த்த ஸ்தாபனத்தின் கடிதம்: இன்ன பதவி, இன்ன கடமைகள், வாரத்துக்கு இத்தனை மணி நேரம், இன்ன சம்பளம் என்று விவரமாக எழுதப்பட வேண்டிய அதை, வேலையை விடும் நாளிலேயே வாங்காதவர், சில ஆண்டுகள் கழித்துத் தேடிப்போகையில், கையொப்பமிட வேண்டிய மேலதிகாரி எங்கோ போயிருப்பார், சிறிய கம்பெனியானால் அதுவே மூடியிருக்கும்.

காகிதம் இல்லாமையால் ஒரு ஜனசமூகம் முழுவதும் என்ன பாடுபட்டது என்பதற்கு நம்மவர் சரித்திரத்திலேயே சாட்சியம் உண்டு. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜா உரிமையற்றவர்களாக்கியது. மறு ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன்பு, மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாமல் அங்கே வசித்ததை நிரூபிக்கச் சொன்னது. மனுச் செய்யக் கெடு 1951 ஆகஸ்ட் 5. சுமார் 2,37,000 மனுக்கள், எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதருக்காகப் போயின. உரிமை கிட்டியதோ ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. லயம் என்னும் வரிசைக் குடியிருப்பின் அறையில் வாழ்ந்த கூலித் தொழிலாளிக்குத் தன் பத்து ஆண்டு வாசத்தை எழுத்தில் காட்டும் சாதனம் எங்கிருந்து கிடைக்கும்? அவர்களை நான் குறைகூறவில்லை. மனிதனுடைய உழைப்பைக் கண்ணாரக் கண்ட பின்னும் காகிதம் கேட்ட சட்டம்தான் கொடியது. ஆனால் அந்த நியாயத்துக்காகக் குரல் கொடுப்பது ஒரு கடமையானால், காகிதம் திரட்டும் வசதியுள்ள நாம் அதைத் திரட்டி வைப்பதும் மற்றொரு கடமைதான்.

நிச்சயமாகாத பிரயாணத்துக்கு இப்போதே ஏற்பாடு செய்வது வீட்டைவிட்டு மனம் போய்விட்டதன் அறிகுறி என்று சில பெற்றோர் கலங்குகிறார்கள். அந்தக் கலக்கத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். எனினும் நம் ஆலயங்களில் திருப்பணிக்காகச் சுவரைப் பிரித்தபோது, அதிலிருந்த பழைய சாசனங்களை முதலில் படியெடுத்துக்கொண்டு, எழுந்த புதுச் சுவரில் மறுபடி வெட்டிவைத்தார்கள். யார் கொடுத்தார், எந்த நிலத்துக்கு எது எல்லை என்பது கட்டடம் மாறியும் அழியாதிருக்க வேண்டும் என்பதே அவர்கள் கருத்து. குடும்பம் இடம் மாறினாலும் மாறாவிட்டாலும், அதன் ஜனனங்களும் விவாகங்களும் சரியாக எழுதப்பட்டிருப்பதில் யாருக்கும் தோஷமில்லை.

என் தமையனாரின் பேத்தி பெங்களூரில் உத்தியோகத்திலிருக்கிறாள். வெளிநாடு போவதா என்பதை அவள் இன்னும் தீர்மானிக்கவில்லை. சென்ற தைப் பொங்கலுக்கு வந்தவள், தாத்தாவின் மரப்பெட்டியைத் திறக்கச் சொல்லி, அதிலிருந்ததை எல்லாம் அவரோடு அமர்ந்து பார்த்தாள். எந்தக் கல்விச் சான்றைவிடவும் அவள் கவலையோடு பார்த்தது தன் ஜனனப் பத்திரத்தைத்தான். அதில் தாயார் பெயர் ஓரெழுத்துப் பிசகிப் பதிவாகியிருந்தது. நாளைக்குக் கனடாவில் வேரூன்றிப் பெற்றோரைத் தன்னிடம் தருவிக்க நினைத்தால், ஒரு முறை வந்தால் ஐந்து ஆண்டுகள் வரை தங்க இடமளிக்கும் சூப்பர் விசாவுக்காயினும் சரி, நிரந்தர வாசத்துக்கான பொறுப்பேற்புக்காயினும் சரி, இன்னார் இன்னாருடைய மகள் என்று சொல்ல அவளிடம் உள்ள பிரதான அத்தாட்சி அந்தப் பத்திரம் ஒன்றே. “எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சரிசெய்துவிடலாம் தாத்தா, நீங்கள் அலைய வேண்டாம்” என்றாள். பதிவு எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் இருக்கிறது. திருத்தத்துக்கு மனுக் கொடுத்தாயிற்று. அடுத்த மாதம் லீவு போட்டுத் தானே அங்கே போய் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.