இறந்தவர் பெயரைப் பதிவது பற்றாகுமோ?

திருவனந்தபுரம் நகருக்குப் புறம்பேயுள்ள ஒரு குடியிருப்பில் உபாசகர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். அவருடைய அன்னையார் காலமாகிப் பத்து நாட்களே கழிந்திருந்தன. அருகில் இடுகாடு இல்லாமையால் அடுக்களைச் சுவரை ஒட்டியே குழி தோண்டி அடக்கஞ் செய்திருந்தனர். மரணத்தைப் பதிவு செய்தாயிற்றா என வினவினோம். "அனைத்தும் அநித்தியம் என்று தாங்கள்தாமே போதிக்கிறீர்கள். மண்ணாகும் உடலுக்குரிய பெயரை ஏட்டில் நிறுத்துவது பற்றாகாதோ, ஐயா?" என்றார் அவர்.

வினா நேர்மையானது. அன்று நாம் விடை கூறவில்லை.

அடுக்களையோரத்து அடக்கம் கேரள நாட்டு ஏழை மக்களுக்குப் புதிதன்று. 1970 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தால் குடிகிடப்புக்காரர் பெறக்கூடிய மனை, மாநகரில் 3 சென்ட், நகராட்சியில் 5, ஊராட்சியில் 10. அதனை மக்களும் பேரரும் பங்கிட்டபின் வாழ்வோர்க்கே இடமில்லை, மாண்டோர்க்கு ஏது? தைக்காட்டில் மாநகராட்சி நடத்தும் சாந்திகவாடம் உண்டு. ஆயினும் ஊர்ப்புறத்து ஏழைக்கு அதுவரை வண்டி வைப்பதே பெரும் பாரம்.

1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், இறப்பை 21 நாட்களுக்குள் அறிவிக்கச் சொல்கிறது. பொது மயானமாயின் அதன் பொறுப்பாளருக்கும் அறிவிக்குங் கடமை உண்டு. அடுக்களை மண்ணுக்குப் பொறுப்பாளர் யார்? வீட்டுத் தலைவர் ஒருவரே. அவரும் வாளாவிருப்பின் அவ்வுயிர் எந்த ஏட்டிலும் ஏறாது.

நகருக்கு வடக்கே கடற்கரையில் அஞ்சுதெங்குக் கோட்டை உள்ளது. மிளகு வாணிகத்துக்காக ஆங்கிலக் கம்பெனியார் கட்டியது. அங்கு மாண்ட ஐரோப்பியர்க்குக் கல்லறைகள் உண்டு. பெயரும் ஆண்டும் பொறித்த கற்கள் உண்டு. அம்மிளகைச் சுமந்தவர்களுங் கூட மாண்டிருப்பார்கள் அல்லவா? அவர்களுக்குக் கல் ஏது?

நாம் பஞ்சாலையில் உழைத்த நாட்களில் ஐந்து நிமிடத் தாமதமும் வருகைப் பேரேட்டில் தவறாமல் ஏறியது. நம் தந்தையார் மறைந்த நாளோ எந்தப் பேரேட்டிலும் இல்லை. மழைக்காலம் என்பார் அன்னையார், ஆண்டு அறியார்.

இறந்த மகவைத் தோளிலிட்டு வீடுவீடாகக் கடுகு கேட்டு நடந்த கிசா கோதமியின் வரலாறு நம்மவர் அறிந்ததே. சாவு நேராத வீடு இல்லையெனத் தெளிந்து மகவை விட்டாள். விட்டது உடலை, அம்மகவு பிறந்ததையோ இறந்ததையோ அவள் மறுக்கவில்லை. பற்றாவது, கடந்ததை எனதென்று பிடித்திருத்தல். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு உரைப்பது அதனின் வேறு. அது வாய்மையின் பாற்பட்டது. கல்லும் ஏடும் பெற்றவர் பெயரைத் துறக்கலாம். ஒருநாளும் எழுதப்படாதவர் எதைத் துறப்பது?

இரண்டு நாள் கழித்து இவ்விடையோடு மீண்டும் சென்றோம். உபாசகர் மறுக்கவில்லை, உடன் வந்தார். ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தர் அன்னையாரின் பெயரைக் கேட்டு எழுதினார். வயதைக் கேட்டார், எண்பது இருக்கும் என்றார் மகன். அன்னையாருடைய தந்தையின் பெயரைக் கேட்டார். உபாசகர் நம் முகத்தைப் பார்த்தார்.