எல்லை தாண்டாத பொறுப்பு

அப்பாவி மக்களைக் கொன்று அடையவேண்டிய இலட்சியம் எதுவும் உலகில் இல்லை. கொலைகாரர் எல்லைகளைக் கடந்து இயங்குகின்ற காலத்தில், அவர்களைத் தடுப்பதற்கு நாடுகள் ஒன்றுபடுவதும் அவசியமே. 2001 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 1373ஆம் இலக்கத் தீர்மானம், தகவல்களைப் பரிமாறி ஒன்றையொன்று முன்கூட்டியே எச்சரிக்குமாறு எல்லா நாடுகளையும் பணித்தது. ஆனால், அத்தகவலால் விளைவனவற்றுக்குப் பதில் சொல்லவேண்டியவர் யார்? இக்கேள்விக்கு விடை காண இரு நிகழ்ச்சிகளை நோக்குவோம்.

2002 செப்டெம்பரில், மாஹெர் அரார் என்னும் கனடியப் பொறியியலாளர் நியூயோர்க் விமான நிலையத்தில் தடுத்துவைக்கப்பட்டார். அமெரிக்க அரசு அவரை அவர் பிறந்த நாடாகிய சிரியாவுக்கு அனுப்பியது. அங்கே ஏறத்தாழ ஓராண்டு காலம் சிறையும் சித்திரவதையும் அனுபவித்தார். கனடியப் பொலிசார் அமெரிக்காவுக்குக் கொடுத்த தகவல்கள் பிழையானவை என்றும், அவர் குற்றம் செய்தாரென்பதற்குச் சான்றேதும் இல்லை என்றும் 2006இல் கனடிய விசாரணை ஆணைக்குழு அறிவித்தது. மறு ஆண்டு கனடா மன்னிப்புக் கோரி, 1 கோடியே 5 இலட்சம் கனடிய டொலர் நட்டஈடு வழங்கியது. அமெரிக்க நீதிமன்றங்களோ அவரது வழக்கைத் தள்ளுபடி செய்தன.

மற்றது நம் நாட்டில் நிகழ்ந்தது. தேவாலயங்கள் தாக்கப்படலாம் என்ற எச்சரிக்கை 2019 ஏப்பிரல் தொடக்கத்திலேயே இந்தியாவிலிருந்து வந்துவிட்டது. அது அலுவலகத்துக்கு அலுவலகம் கடிதமாக நகர்ந்தது. 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் இறந்தோரிற் பலர் சிறுவர்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், அன்றைய ஜனாதிபதியும் உயர் அதிகாரிகளும் கடமை தவறினர் எனக் கண்டு, நட்டஈடு செலுத்தப் பணித்தது.

ஓரிடத்திற் பொய் நம்பப்பட்டது. மற்றோரிடத்தில் மெய் புறக்கணிக்கப்பட்டது. ஈரிடத்தும் தகவல் எல்லை கடந்தது. பொறுப்பு மட்டும் கடக்கவில்லை. பாதிக்கப்பட்டோர்க்குக் கிடைத்த சிறு நீதியும் தத்தம் நாட்டிலேதான் கிடைத்தது. அந்நியருக்கு இழைத்த தீங்குக்கு எந்த அரசும் தானாகக் கணக்குக் காட்ட முன்வருவதில்லை.

குற்றமற்றவனை வதைத்துவிட்டு வாளாவிருக்கும் அரசு, வன்முறைக்கு இளைஞரைத் திரட்டுவோர் கையில் தானே ஒரு நியாயத்தைக் கொடுக்கின்றது. ஆகவே, தகவலைக் கொடுத்த நாடும் பெற்ற நாடும், பாதிக்கப்பட்டவன் எந்நாட்டவனாயினும், அவனுக்குப் பகிரங்க நீதிமன்றிலே பதில் சொல்லக் கடமைப்பட்டிருத்தல் வேண்டும். அக்கடமையை ஏற்காத கூட்டுறவு அரசுகளுக்கிடையேயுள்ள கூட்டுறவேயன்றி, மக்களைக் காக்கும் கூட்டுறவாகாது.