ஒரு கரண்டி விளக்கெண்ணெய்

பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளையைப் போல உபயோகமற்ற ஜீவன் வேறொன்று கிடையாது. சில வருஷங்களுக்கு முன், என் தங்கையின் இரண்டாவது பிரசவத்தின்போது நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். கூட இருந்தது எங்கள் அம்மிச்சி மட்டும்தான். டாக்டரம்மா வெளியே வந்து, "வீட்டில் கஷாயம், மருந்து ஏதாவது கொடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லீங்க" என்றேன்.

அது பொய். அன்று விடியற்காலை, காங்கயத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்து வீட்டுச் சமையற்கட்டில், அம்மிச்சி காப்பித் தம்ளரில் விளக்கெண்ணெயை ஊற்றி ஆற்றியதை நான் பார்த்திருந்தேன். நோவு சுருக்காக வரவேண்டும் என்று கிழவிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிற காரியம். நான் ஏன் பொய் சொன்னேன்? பெரியவர்களை அந்நியர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவன் நான். கொங்கு நாட்டில் அது சாதாரண மரியாதை. டாக்டரம்மாவின் வாய்க்குப் பயந்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை. முந்தின மாதம் இதே பெஞ்சில், குங்குமப்பூ சாப்பிட்டதற்காக ஒரு பெண்ணை அவர் கண்ணீர் வரும்வரை கடிந்துகொண்டதைக் கேட்டிருந்தேன்.

அரை மணி கழித்து, வயதான நர்ஸ் ஒருத்தி வந்தாள். அவள் என்னைக் கேட்கவில்லை. அம்மிச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங் ஆத்தா, ஊட்டுல புள்ளைக்கு ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்றாள்.

"வெளக்கெண்ணெ ஒரு கரண்டி குடுத்தேன், கண்ணு. வேற ஒண்ணுமில்லே."

நர்ஸ் எழுந்து ஓடினாள். பத்து நிமிஷத்தில் தங்கையை ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவளுக்கு முதல் பிரசவமே ஆபரேஷன். இந்தத் தடவை சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்கலாம் என்று டாக்டரம்மா ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் வலி இயல்புக்கு மீறிய வேகத்தில் வந்துகொண்டிருந்தது. காரணம் தெரிந்ததும் அவர் காத்திருக்கத் துணியவில்லை. பழைய தையல் உள்ள கர்ப்பப்பை அந்த வேகத்தில் கிழிந்துபோகலாம். கிழிந்தால் தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் மோசம்.

இருவரும் பிழைத்தார்கள். ஆனால் அந்த அரை மணி நேரம் என்னை விட்டுப் போகவில்லை.

நாட்டு வைத்தியத்தையும் இங்கிலீஷ் வைத்தியத்தையும் கர்ப்ப காலத்தில் சேர்க்கலாமா, கூடாதா என்று படித்தவர்கள் வாதம் செய்கிறார்கள். வேடிக்கையான வாதம். ஏற்கெனவே ஒவ்வொரு வீட்டிலும் இரண்டும் சேர்ந்துதான் நடக்கின்றன. 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் அதிகமான பிரசவங்கள் ஆஸ்பத்திரியிலேயே நடக்கின்றன. அப்படியானால் அம்மிச்சிகளின் லேகியமும் தைலமும் எங்கே போயின? எங்கும் போகவில்லை. தூக்குப் பாத்திரத்தில் ஒளிந்து ஆஸ்பத்திரிக்கே வருகின்றன.

அம்மிச்சி ஆஸ்பத்திரிக்கு விரோதி என்று நினைத்துவிட வேண்டாம். அவளுடைய சொந்தத் தங்கை, பிள்ளை குறுக்கே விழுந்துவிட, மாட்டு வண்டியில் போகும்போதே வழியில் இறந்தவள். பக்கத்தில் இருந்த மருத்துவச்சி, "இது என் கைக்கு மீறின காரியம், வண்டியைக் கட்டுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டாளாம். வீட்டு ஆண்கள்தான் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் தங்கைக்கு இடுப்பு வலி கண்டதும் "காரைக் கூப்பிடு" என்று முதலில் சத்தம் போட்டவள் அம்மிச்சியேதான். ஒரு கையால் எண்ணெய் கொடுத்துக்கொண்டு மறு கையால் காரைக் கூப்பிட்டாள். அவளுக்கு அதில் முரண்பாடு ஏதும் தெரியவில்லை.

விளக்கெண்ணெய் விஷயத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்க நான் தயாராக இல்லை. அது உண்மையிலேயே வேலை செய்கிறது. அந்த எண்ணெயிலிருந்து உடம்பில் பிரியும் அமிலம், குடலையும் கர்ப்பப்பையையும் எந்த வழியில் சுருங்கச் செய்கிறது என்று 2012இல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் எலிகளை வைத்துக் கண்டு எழுதினார்கள். வேலை செய்வதனால்தான் ஆபத்தும். ஒன்றும் செய்யாத பொருளானால் மறைத்தாலும் பாதகமில்லை. நோவை உண்டாக்கும் பொருளை மறைப்பது வேறு விஷயம். அம்மிச்சியின் காலத்து வயிறுகளில் தையல் கிடையாது. அதே கணக்கெடுப்பு, நம் மாநிலத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பிள்ளைகள் ஆபரேஷனில் பிறந்ததாகச் சொல்கிறது. அத்தனையும் அவசியந்தானா என்பது வேறு வழக்கு. எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அந்தத் தழும்புகள் இருக்கின்றன. தழும்பில்லாத வயிற்றுக்கென்று ஏற்பட்ட பக்குவம் இன்றைய வயிற்றுக்கு அப்படியே பொருந்தாது என்று அம்மிச்சிக்கு யார் சொன்னார்கள்? கேட்டால்தானே சொல்ல முடியும். கேட்டால்தான் திட்டு விழுகிறதே!

ஐரோப்பாவில் இப்படி ஒரு மருந்து இருந்தது. கோதுமை இனத்தைச் சேர்ந்த அவர்கள் ஊர்த் தானியத்தின் கதிரில் பிடிக்கும் ஒரு காளானை, நோவு வருவதற்காக மருத்துவச்சிகள் கொடுத்துவந்தார்கள். லோனிட்சர் என்ற ஜெர்மானியர் 1582இலேயே அதைப் பதிந்திருக்கிறார். 1808இல் ஸ்டேர்ன்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் அதைத் தம் கூட்டத்துக்கு அறிமுகம் செய்தார். டாக்டர்கள் ஆளாளுக்குக் கொடுக்க ஆரம்பிக்கவே, பிள்ளைகள் செத்துப் பிறந்தன, கர்ப்பப்பைகள் கிழிந்தன. ஹோசாக் என்பவர் 1824இல், பிள்ளை பிறக்குமுன் இதைக் கொடுக்காதீர்கள், பிறந்தபின் ரத்தப்போக்கை நிறுத்தக் கொடுங்கள் என்றார். 1935இல் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பிறகு எத்தனையோ தாய்மார்களின் உயிரைக் காத்த ஊசி மருந்து அதுதான். மருத்துவச்சியின் மருந்து தோற்கவுமில்லை, டாக்டர் ஜெயிக்கவுமில்லை. கொடுத்ததையும் நடந்ததையும் மறைக்காமல் சொன்னவர்கள் இருந்தார்கள்; எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான காரியம் எங்கள் பக்கத்திலேயே நடந்தது. 2018 ஜூலையில் திருப்பூரில் பள்ளி ஆசிரியை ஒருவர், இயற்கைப் பிரசவம் என்ற பெயரில், கணவரும் சிநேகிதர்களும் யூடியூபில் பார்த்த முறைப்படி வீட்டிலேயே பிள்ளை பெற்றார். குழந்தை பிழைத்தது. ரத்தப்போக்கில் தாய் இறந்துபோனார். அடுத்த மாதமே, வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி முகாம் நடத்துவதாக விளம்பரம் செய்த ஒருவரைக் கோவையில் போலீசார் கைது செய்தார்கள். அதைப் பாட்டி வைத்தியம் என்று சிலர் எழுதியபோது எனக்குக் கோபம் வந்தது. அந்த வீட்டில் எந்தப் பாட்டி இருந்தாள்? ஐம்பது பிரசவம் பார்த்துக் கை பழகிய மருத்துவச்சி இருந்தாளா? "வண்டியைக் கட்டுங்க" என்று சொல்லும் ஒரு வாய் இருந்ததா? இருந்தது கைபேசி ஒன்று. அதற்குத் தன் கைக்கு மீறினது எது என்று தெரியாது.

ஆனாலும் அந்தத் தம்பதியை எளிதாகத் திட்டிவிட என்னால் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்கப் பயந்து நானும் ஒரு பொய் சொன்னவன். என் பொய்க்குக் காரணமான அந்தப் பயம் இன்னும் நாலு படி ஏறினால் வீட்டுப் பிரசவத்தில்தான் போய் நிற்கும்.

அரசாங்கம் இதில் ஒரு நல்ல காரியம் செய்தது. அம்மா மகப்பேறு சஞ்சீவி என்ற பெயரில், கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் பதினொரு சித்த மருந்துகள் கொண்ட பெட்டகத்தை வழங்கத் தொடங்கியது. மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம், ஏலாதி சூரணம், சௌபாக்கிய சுண்டி லேகியம், உளுந்துத் தைலம் என்று பட்டியல் போகிறது. அதில் அன்னபேதிச் செந்தூரமும் ஒன்று. அன்னபேதி என்பது இரும்புச் சத்துத்தான். இங்கிலீஷ் டாக்டர் எழுதித் தரும் மாத்திரையும் இரும்புச் சத்துத்தான். ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாவிட்டால் அந்தப் பெண் ஒரே சரக்கை இரண்டு பெயரில் விழுங்கிக்கொண்டிருப்பாள். பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்த வைத்தியரும் இங்கிலீஷ் டாக்டரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்களா என்பதுதான் நான் போகிற இடத்திலெல்லாம் விசாரிக்கிற கேள்வி. பதில் ஊருக்கு ஊர் வேறாக இருக்கிறது.

தங்கைக்கு ஐந்தாம் நாள். அம்மிச்சி பிரசவ லேகியம் கிண்டி எடுத்து வந்திருந்தாள். தூக்குப் பாத்திரத்தை என் கையில் கொடுத்து, "இத அந்த டாக்டரம்மாகிட்டக் காட்டிக் கேட்டுட்டு வா, சாமி" என்றாள். டாக்டரம்மா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "என்னென்ன போட்டிருக்கு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து மருந்துச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை, கருப்பட்டி, பசுநெய் என்று சொல்லிக்கொண்டே வந்த அம்மிச்சி கடைசியில் நிறுத்திவிட்டாள்.

"இன்னொண்ணு இருக்குது. வெளக்கு வெச்சாச்சு, பேர் சொல்லக் கூடாது."

வசம்பு என்று நானே எழுதிக்கொண்டுபோனேன். டாக்டரம்மா சீட்டை இரண்டு தடவை படித்து, அந்த ஒன்றை மட்டும் அடித்துவிட்டு, மற்றவை இருக்கலாம், இன்னும் ஒரு வாரம் கழித்துக் கொடுங்கள் என்றார். அம்மிச்சிக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கடைக்கு ஆள் அனுப்பிச் சரக்கு வாங்கி, வேறு லேகியம் கிண்ட உட்கார்ந்தாள்.