போட்டுக் கொடுப்பதா, காப்பாற்றுவதா?

பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவனுக்குக் கிடைக்கக்கூடிய மோசமான பட்டம் எது தெரியுமா? முட்டாள், சோம்பேறி எல்லாம் இல்லை. "போட்டுக் கொடுக்கிறவன்" என்பதுதான். அந்தப் பெயர் ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் உயர்நிலை நான்கு முடியும் வரை போகாது. கேண்டீனில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் தூக்கிவிடுவார்கள். நம் பிள்ளைகள் பல விஷயங்களைத் தெரிந்துகொண்டே வாய் திறக்காமல் இருப்பதற்கு இந்தப் பயம் ஒரு பெரிய காரணம்.

சனிக்கிழமைகளில் தேக்கா பக்கம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு குழுவில் நான் இருக்கிறேன். பாடம் முடிந்ததும் பேச்சு எங்கெங்கோ போகும். ஒருநாள் ஒரு மாணவி கேட்டாள்: "அக்கா, ஃபிரண்டு ஒரு விஷயத்தைச் சொல்லி, யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டா, அப்புறம் அதை வெளிய சொல்றது பாவமா?" உடனே வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. "சத்தியம்னா சத்தியம்தான்" என்றது ஒரு கட்சி. "உயிர் போற விஷயம்னா சொல்லித்தான் ஆகணும்" என்றது இன்னொன்று. அரை மணி நேரம் சண்டை. மாணவர் பாதுகாப்பு என்ற பேச்சில் இதைவிட முக்கியமான கேள்வி எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வாசலில் நிற்கும் காவலர் பார்க்க முடியாதது

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. வாசலில் காவலர் இருக்கிறார். வெளியாள் யாரும் பெயரைப் பதியாமல் உள்ளே போக முடியாது. பள்ளிகளுக்கு முன்னால் உள்ள பல சாலைகளில் விளக்கு மினுக்கும் நேரத்தில் வண்டிகள் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆனால் இவையெல்லாம் வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு. பையின் அடியில் கிடக்கும் மின்சிகரெட், முன்பின் தெரியாத ஒருவர் கைபேசிக்கு அனுப்பும் செய்தி, நீளக் கைச்சட்டைக்குள் மறைத்து வைத்திருக்கும் காயம், இவற்றைக் காவலர் எப்படிப் பார்ப்பார்? இவற்றை முதலில் பார்ப்பது பக்கத்து நாற்காலியில் இருக்கும் நண்பன். ஆசிரியருக்கு அதற்கப்புறம்தான் தெரியும். அப்பா அம்மாவுக்குப் பெரும்பாலும் கடைசியில்.

2021 ஜூலை 19ஆம் தேதியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ரிவர் வேலி உயர்நிலைப் பள்ளிக்குள், பள்ளி நேரத்தில், 13 வயது மாணவன் ஒருவன் 16 வயது மாணவனால் கொல்லப்பட்டான். இருவருக்கும் முன்பின் பழக்கமே இல்லை. அந்தப் பெரிய பையன் கடுமையான மனச்சோர்வு நோயால் பாதிக்கப்பட்டிருந்தது பின்னர் நீதிமன்றத்தில் தெரிய வந்தது. 2023 டிசம்பரில் அவனுக்கு 16 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. யார் தெரிந்தும் சொல்லாமல் இருந்தார்கள் என்று தேடுவதற்காகவோ, அந்தக் குடும்பங்களின் துக்கத்தைக் கிளறுவதற்காகவோ இதை எழுதவில்லை. அதற்கப்புறம் நாடு என்ன முடிவுக்கு வந்தது என்பதைப் பாருங்கள். சில நாள்களில் கல்வி அமைச்சர் சான் சுன் சிங் நாடாளுமன்றத்தில் பேசினார். மதிலை உயர்த்துவது பற்றிய பேச்சாக அது இருக்கவில்லை. ஆசிரியர்-ஆலோசகர்களின் எண்ணிக்கை ஆயிரத்துக்கு மேல் உயர்த்தப்படும், எல்லாப் பள்ளிகளிலும் சக மாணவர் ஆதரவு அமைப்பு இருக்கும் என்ற ஏற்பாடுகள் வந்தன. அதாவது, ஒரு மாணவனின் கஷ்டத்தைக் கவனிக்கும் வேலையில் இன்னொரு மாணவனுக்கும் பங்கு உண்டு என்று நாடே ஒத்துக்கொண்டது.

இதற்கு ஆதாரம் வெளிநாட்டிலும் இருக்கிறது. அமெரிக்காவில் பள்ளிகளுக்குள் திட்டமிட்டு நடத்தப்பட்ட 37 தாக்குதல்களை அந்நாட்டு ரகசியச் சேவைத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டன. பத்தில் எட்டு நிகழ்வுகளில் குறைந்தது ஒருவருக்காவது விஷயம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் நண்பர்கள், பள்ளித் தோழர்கள், கூடப் பிறந்தவர்கள். பெரியவர்கள் மிகக் குறைவு.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் மின்சிகரெட். 2018 பிப்ரவரி முதல் இங்கே அதை வைத்திருப்பதும் புகைப்பதும் குற்றம். "சும்மா ஆவிதானே, பழ வாசனைதானே" என்று ஆரம்பித்தது, எட்டோமிடேட்டில் வந்து நிற்கிறது. எட்டோமிடேட் என்பது மருத்துவமனையில் நோயாளியை மயக்கமடையச் செய்யப் பயன்படுத்தும் மருந்து. 2025 ஜூலையில் சுகாதார அமைச்சர் ஓங் யீ காங் ஒரு தகவல் சொன்னார்: பறிமுதல் செய்த மின்சிகரெட்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் சோதித்ததில், மூன்றில் ஒரு பங்கில் இந்த மருந்து இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது சி பிரிவுப் போதைப்பொருளாகவே ஆகிவிட்டது. ஒரு பையன் கழிவறையில் இதை இழுத்துவிட்டு நடக்க முடியாமல் தள்ளாடும்போது அவனைத் தாங்கிப் பிடிப்பது யார்? நண்பன்தான். "யார்கிட்டயும் சொல்லாதடா" என்ற கெஞ்சலைக் கேட்பதும் அவன்தான்.

கர்ணன் செய்த தவறு

நாம் தமிழ்ப் பிள்ளைகள். நட்பு என்றதும் நமக்குக் கர்ணன் ஞாபகம் வரும். சிவாஜி நடித்த 'கர்ணன்' வந்தது 1964இல். இன்றைக்கும் அதைப் பார்த்து அழாத வீடு கிடையாது. உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுத்தவன், நண்பனை விட்டுப் போகாதவன். எனக்கும் கர்ணனைப் பிடிக்கும். ஆனால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்த நட்பால் துரியோதனன் பிழைத்தானா?

சூதாட்டச் சபையை நினைத்துப் பாருங்கள். பாஞ்சாலியை இழுத்து வந்து நிறுத்துகிறார்கள். பீஷ்மர், துரோணர் போன்ற பெரியவர்கள் இருந்தும் அந்த அநியாயம் நிற்கவில்லை. அந்த நேரத்தில் எழுந்து "இது தர்மம் இல்லை" என்று சொன்னவன் விகர்ணன். அவன் வேறு யாரும் இல்லை, துரியோதனனின் சொந்தத் தம்பி. வயதில் இளையவன். அவனை "உனக்கென்ன தெரியும், சின்னப் பையன்" என்ற பாணியில் அடக்கி உட்கார வைத்தது யார் தெரியுமா? நம் கர்ணன்தான். அன்று துரியோதனன் மேல் உண்மையான அக்கறையோடு நடந்துகொண்டது கர்ணனா, விகர்ணனா? கர்ணன் நண்பனுடைய கோபத்துக்குத் துணை போனான். விகர்ணன் அண்ணனுடைய நன்மைக்காகப் பேசினான். விகர்ணன் பேச்சைக் கேட்டிருந்தால் குருக்ஷேத்திரமே நடந்திருக்காது.

வள்ளுவர் நட்பைப் பற்றி மட்டும் ஐந்து அதிகாரம் எழுதியிருக்கிறார். சிரித்துப் பேசுவதோடு நட்பு முடிவதில்லை, நண்பன் எல்லை தாண்டும்போது முன்னே போய்க் கண்டிப்பதும் நட்புதான் என்பது அவர் கருத்து.

சரி, சத்தியம்?

அந்த மாணவியின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சத்தியம் செய்து கொடுத்தாயிற்று, இப்போது என்ன செய்வது? மகாபாரதத்தின் கர்ண பர்வத்தில் இதே சிக்கல் வருகிறது. காண்டீவத்தை வேறொருவனிடம் கொடுத்துவிடு என்று யார் சொன்னாலும் அவனைக் கொல்வேன் என்று அர்ஜுனன் ஒரு சபதம் வைத்திருந்தான். போர்க்களத்தில் மனம் நொந்துபோன தருமர் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுகிறார். அர்ஜுனன் வாளை உருவிவிட்டான், சொந்த அண்ணனை வெட்ட! கண்ணன்தான் தடுக்கிறான். அப்போது அவன் சொல்வது கௌசிகர் என்ற முனிவரின் கதை. எப்போதும் உண்மையே பேசுவேன் என்று விரதம் எடுத்தவர் அவர். திருடர்களுக்குப் பயந்து சிலர் காட்டுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். பின்னால் வந்த திருடர்கள் வழி கேட்க, முனிவர் உள்ளதைச் சொல்கிறார். ஒளிந்தவர்கள் செத்துப்போகிறார்கள். முனிவருக்குக் கிடைத்தது நரகம்.

கதையைக் கவனியுங்கள். கௌசிகர் வாயைத் திறந்ததால் உயிர் போனது. சபையில் பெரியவர்கள் தடுக்காததால் ஒரு பெண் அவமானப்பட்டாள். அப்படியானால் பேசுவதே தர்மம் என்றும் இல்லை, மௌனமே தர்மம் என்றும் இல்லை. என் சொல்லால் யார் பிழைக்கிறார், என் மௌனத்தால் யார் அழிகிறார் என்பதுதான் அளவுகோல். சத்தியம் ஒரு மனிதரைக் காப்பதற்காக ஏற்பட்டது. அந்த மனிதரையே பலி கொடுத்துச் சத்தியத்தைக் காப்பாற்றுவதில் அர்த்தம் இல்லை.

இதற்காக எல்லா ரகசியத்தையும் ஊருக்குச் சொல்லலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். யார் மேல் யாருக்கு விருப்பம், கணக்குத் தேர்வில் எத்தனை மதிப்பெண், வீட்டில் காசுக்கு என்ன கஷ்டம், இதெல்லாம் உங்களை நம்பிச் சொன்னவை. சாகும் வரை உங்களோடு இருக்கட்டும். ஆனால் நண்பன் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறான், வாழப் பிடிக்கவில்லை என்கிறான், போதைப்பொருள் எடுக்கிறான், வீட்டில் யாரோ அவளை அடிக்கிறார்கள் அல்லது தொடக் கூடாத இடத்தில் தொடுகிறார்கள், இணையத்தில் யாரோ படம் கேட்டு மிரட்டுகிறார்கள், இன்னொருவரைத் தாக்கப்போவதாகப் பேசுகிறான் என்றால் அது ரகசியம் இல்லை, ஆபத்து.

எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது

திருக்குறளில் புறங்கூறாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆகவே சொல்வதிலும் முறை உண்டு. முதலில் நண்பனின் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். வீட்டுக் குட்டை வெளியே விட்டவன் என்று நாம் கேலி செய்யும் விபீஷணனும் முதலில் ராவணனிடம்தான் நேரில் போய், திரும்பத் திரும்பச் சொன்னான். "எனக்குப் பயமா இருக்குடா. வா, ரெண்டு பேரும் சேர்ந்து போய் டீச்சர்கிட்ட பேசலாம்" என்று கூப்பிடுங்கள். வந்தால் நல்லது. வராவிட்டால், "நீ கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, நான் சொல்லத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றாலோ, மற்றவரைத் தாக்கும் பேச்சு என்றாலோ இந்த வரிசையெல்லாம் வேண்டாம். நேரே பெரியவரிடம் போய்விடுங்கள்.

உதவி செய்யக்கூடிய ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். பத்துப் பேர் இருக்கும் குழுவில் போட்டால் அது வம்பு. வகுப்பாசிரியர் இருக்கிறார், பள்ளி ஆலோசகர் இருக்கிறார். நம் சமூகத்துக்கு பீட்டி ரோட்டில் சிண்டா இருக்கிறது. மனம் உடைந்தவர்களுக்கு 1767 என்ற எண்ணும், தேசிய மனநல உதவி எண் 1771உம் 24 மணி நேரமும் உண்டு. தொடக்கப்பள்ளித் தம்பி தங்கைகளுக்குச் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் டிங்கிள் ஃபிரெண்ட், 1800 2744 788. மின்சிகரெட்டை விட நினைப்பவர்களுக்குச் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 1800 438 2000. தாங்களாக முன்வந்து உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை கிடையாது என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. "சொன்னா அவன் வாழ்க்கையே போயிடும்" என்று பயப்படும் நண்பர்கள் இதை முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதில் விலை இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நண்பன் பேசாமல் போகலாம். மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூடப் பேசாமல் இருக்கலாம். கோபித்துக்கொள்வதற்காவது அவன் இருப்பானே என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வந்து சொல்லும்போது நம் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் என்ன? "அவன்கூட இனிமே சேராதே" என்பதா? "வெளிய தெரிஞ்சா நாலு பேர் என்ன சொல்வாங்க" என்பதா? அப்படியென்றால் அடுத்த தடவை அந்தப் பிள்ளை நம்மிடம் வராது. இந்து அறக்கட்டளை வாரியம் போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கு 'ஆசிரமம்' என்ற மறுவாழ்வு இல்லத்தை நடத்தி வருகிறது. விழுந்த பிறகு தூக்கிவிட நம் கோயில் சமூகத்துக்கு மனம் இருக்கிறது என்றால், விழுவதற்கு முன் வந்து சொல்லும் பிள்ளையை உட்கார வைத்துக் கேட்கவும் மனம் இருக்க வேண்டும். "நல்ல வேளை சொன்னே. இனி இதை நான் பார்த்துக்கறேன்." முதலில் இந்த இரண்டு வாக்கியம் போதும். திட்டுவதோ யோசனை சொல்வதோ அப்புறம்.

தம்பி தங்கைகளே, சத்தியம் கேட்டு யாராவது வரும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "சொல்லு, யார்கிட்டயும் போகாது. ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் நான் சும்மா இருக்க மாட்டேன்." அந்த நாள் வருவதற்கு முன்னாலேயே, இந்தப் பக்கத்தைப் புரட்டுவதற்குள், இன்னொன்றும் செய்யுங்கள். அப்படி ஒரு விஷயம் உங்கள் கைக்கு வந்தால் எந்தப் பெரியவரிடம் போவீர்கள்? ஒரு பெயரை மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எதுவும் தோன்றவில்லை என்றால், அடுத்த சந்திப்பில் எங்களில் ஒருவரிடம் வந்து பேசுங்கள்.