யாரைப் பார்த்துச் சிரிப்பது?

விளையாட்டுக்காகக்கூட ஒருவரை இகழ்வது துன்பம் தரும் என்று திருக்குறளின் பண்புடைமை அதிகாரம் சொல்கிறது. எட்டு அதிகாரம் தள்ளி, கயமையில், அதே வள்ளுவர் கயவரைத் தேவரோடு சேர்த்து வைக்கிறார். இரு சாராரும் மனம்போனபடி நடப்பவர்கள் என்பது அவர் காட்டும் ஒற்றுமை. அந்த அதிகாரத்தில் குத்தலுக்குப் பஞ்சமில்லை. இகழாதே என்றவரே இகழ்கிறாரே என்று இதைத் தள்ளிவிட முடியாது. கயமையில் எந்த ஆளின் பெயரும் இல்லை, பிறப்பும் இல்லை, உடற்குறையும் இல்லை. நடத்தை மட்டுமே இருக்கிறது.

சிரிப்பு காயப்படுத்தும் என்பதை மறைப்பதில் பயனில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம். கேலிக்கு ஆளானவர் கோபப்பட்டால் அந்தக் கோபமும் கேலிப்பொருளாகிவிடும். எதிராளியின் வாயை முதலிலேயே கட்டிவிடும் ஆயுதம் இது. இதை யார்மேல், எதற்காக எடுக்கலாம் என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது.

தொல்காப்பியம் அங்கதத்தை வெளிப்படையாகப் பழிப்பது, பழியை மறைத்துச் சொல்வது என இரண்டாகப் பிரிக்கிறது. இரண்டாம் வகைக்குப் புறநானூற்றின் 95ஆம் பாடலைப் போல இன்னொன்றைக் காட்டுவது கடினம். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவைக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவை அவற்றைப் பாராட்டுகிறார்: மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவல் மிக்க மனைக்குள் எவ்வளவு அழகாக இருக்கின்றன! எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் குத்திப் பக்கமும் நுனியும் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. பாராட்டாகத் தொடங்கிய பேச்சு, உன் படை போரையே பார்த்ததில்லை என்ற செய்தியாக முடிகிறது. அந்தச் செய்தியை ஔவை வாய்விட்டுச் சொல்லவில்லை. தொண்டைமான் தானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கோபித்தால், புரிந்துகொண்டதாக ஒப்புக்கொள்ள நேரும்.

இங்கே உத்தியோடு அறமும் சேர்ந்து நிற்கிறது. சொல்பவர் கையில் ஆயுதம் இல்லை. கேட்பவன் அரசன், சொன்னவரைத் தண்டிக்க அவனால் முடியும். சொல்வது அவன் முகத்துக்கு நேராக. கேலி குறிவைப்பது அவன் நிறத்தையோ குரலையோ அல்ல, அவனுடைய வீண் செருக்கை. அது அடங்கினால் ஒரு போர் தவிரும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்தச் சொற்களின் தகுதி குறைந்திருக்கும்.

ஆனால் ஏழை எளியவர்களையே கருப்பொருளாக்கும் அங்கதத்தை என்ன செய்வது? டப்ளின் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தின் தலைமைக் குருவாக இருந்த ஜோனதன் ஸ்விஃப்ட், 1729இல் பெயர் போடாமல் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளை ஒரு வயது நிரம்பியதும் பணக்காரர்களின் சாப்பாட்டு மேசைக்கு விற்றுவிடலாம் என்பதுதான் அதிலுள்ள யோசனை. அதைச் சொல்கிறவர் வெறிபிடித்தவராகப் பேசுவதில்லை. நாட்டு நலனில் அக்கறையுள்ள, கணக்கில் கெட்டிக்காரரான ஒரு பெரிய மனிதரின் நிதானக் குரலில் பேசுகிறார். ஆண்டுக்கு 1,20,000 ஏழைக் குழந்தைகள் பிறக்கின்றன; இனப்பெருக்கத்துக்கு 20,000 பேரை நிறுத்திக்கொண்டால் மீதி ஒரு லட்சம்; கொழுத்த குழந்தைக்குப் பத்து ஷில்லிங் கொடுக்க எந்தக் கனவானும் தயங்கமாட்டார். எந்த முறையில் சமைக்கலாம் என்பதுவரை சொல்கிறார்.

இதைப் படித்துக் குமட்டுகிறவர்கள் உண்டு. பசித்த குழந்தைகளை வைத்து விளையாடலாமா என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வி நேர்மையானது. ஆனால் பிரசுரத்தில் கத்தி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். பெற்றோரை ஏற்கெனவே விழுங்கிவிட்ட நிலப்பிரபுக்களுக்கே பிள்ளைகளைத் தின்னும் உரிமை அதிகம் என்று போகிறபோக்கில் ஓரிடத்தில் வருகிறது. மக்களைத் தலைக்கணக்காகவும் செலவுக்கணக்காகவும் மட்டுமே பார்த்த அக்காலத்துப் பொருளாதார யோசனைகளின் மொழியை ஸ்விஃப்ட் அப்படியே எடுத்துக்கொண்டு, அது போய்ச் சேரும் கடைசி ஊர்வரை நடத்திச் செல்கிறார். பிரசுரத்தின் இறுதிப் பகுதியில், வெளிநாட்டில் இருந்துகொண்டு குத்தகை வாங்கும் நிலப்பிரபுக்களுக்கு வரி, உள்நாட்டுப் பொருள்களையே வாங்குவது, குத்தகைதாரர்மேல் கொஞ்சமாவது இரக்கம் காட்டுவது ஆகிய வழிகளைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள் என்று அந்தக் குரல் உதறித் தள்ளுகிறது. அவைதான் ஸ்விஃப்ட் முன்பு எழுதியும் பேசியும் வந்த வழிகள். குழந்தைகள் அங்கே கேலிப்பொருள் அல்லர், சாட்சிகள்.

உடனடியாக என்ன மாறியது என்று கேட்டால் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், 1740-41இல், அயர்லாந்தைக் கொடும் பஞ்சம் தாக்கியது. அங்கதம் சட்டம் இயற்றுவதில்லை. ஒரு பொய்யை இனி வெட்கமின்றிச் சொல்ல முடியாதபடி செய்வதுதான் அதனால் ஆகக்கூடியது. அதுவே பெரிய வேலை.

மறைத்துச் சொல்வதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. டேனியல் டீஃபோ 1702இல், அரசுத் திருச்சபையை ஏற்காத கிறித்தவர்களை வேரோடு ஒழிக்க வேண்டும் என்று வெறியர்களின் குரலில் ஒரு பிரசுரம் எழுதினார். அவரும் அந்த ஏற்காதவர்களில் ஒருவர்தான். வெறியர்களில் சிலர் அதை உண்மையென நம்பி வரவேற்றார்கள். டீஃபோவின் சொந்த மக்கள் அஞ்சினார்கள். விஷயம் வெளிப்பட்டதும் அவரைச் சிறையில் அடைத்தார்கள், 1703 ஜூலையில் மூன்று நாள் பொது இடத்தில் தண்டனைக் கட்டையில் நிறுத்தினார்கள். இன்று நையாண்டிச் செய்தி ஒன்று வாட்ஸ்அப்பில் நாலு கை மாறினால் எழுதியவர் பெயரும் சூழலும் உதிர்ந்து, வெறும் செய்தியாகவே ஊர் சுற்றுகிறது. அந்தப் பொய்யால் ஒரு சமூகத்துக்கு அடி விழுந்தால், வேடிக்கையாகத்தான் எழுதினேன் என்று எழுதியவர் கைகழுவ முடியாது. தவறாகப் படிக்கப்படும்போது அடி வாங்கப்போவது யார் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பது அவருடைய கடமை.

மேலே இருப்பவரைக் கேலி செய், கீழே இருப்பவரை விடு என்ற விதியும் போதாது. ஒரே மனிதர் ஒரு படியில் மேலேயும் இன்னொரு படியில் கீழேயும் இருக்கலாம். விஜயகாந்த் 2011இல் தமிழகச் சட்டமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவரானார். அவருடைய கூட்டணிக் கணக்குகளையும் மேடைப் பேச்சுகளையும் கிண்டல் செய்ய எல்லாருக்கும் உரிமை இருந்தது. அரசியலுக்கு வந்தவர் அதைத் தாங்கத்தான் வேண்டும். பின்னர் உடல்நலம் குன்றி அவர் பேச்சு தடுமாறியது. மீம்ஸ் நிற்கவில்லை. முடிவுகளைப் பற்றியிருந்த சிரிப்பு நாக்கைப் பற்றியதாக மாறிய நாளை யாரும் குறித்து வைக்கவில்லை. ஆனால் அந்த நாளோடு அது அங்கதமாக இருப்பது நின்றுபோனது. 2023 டிசம்பர் 28 அன்று அவர் மறைந்தபோது சமூக ஊடகங்கள் முழுக்க வந்த மன்னிப்புகளும் கண்ணீரும் பொய்யில்லை. அவை அவருக்குக் கேட்கவில்லை. பெண் தலைவர்களின் உடலைப் பற்றி மேடையில் பேசிக் கைதட்டு வாங்குகிறவர்களும், கறுப்பையும் பருமனையும் வழுக்கையையும் வைத்தே பல ஆண்டுகள் ஓட்டிய திரை நகைச்சுவையும் இதே கணக்கில்தான் வரும். அந்தச் சிரிப்பு முடிந்த பிறகு எந்தத் தவறும் அம்பலப்பட்டிருக்காது.

1987 மார்ச்சில் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. மேடையில் இருப்பவர்களில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்ற கேள்விக்கு, ஒருவர் ஜேப்படிக்காரர் போலவும் மற்றவர் கொள்ளைக்காரர் போலவும் இருப்பதைச் சொல்லி அடையாளம் காட்டும் பதில். ஏப்ரலில் சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. பத்திரிகை உலகம் கொதித்தெழ, சில நாட்களில் விடுதலை. 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. ஒரு துணுக்குக்காக மனிதரைச் சிறையில் தள்ளிய அவை தன் பெருமையைத் தானே குறைத்துக்கொண்டது. அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

ஆனால் அந்தத் துணுக்கு நல்ல அங்கதமா என்பது வேறு கேள்வி. சட்டம் அனுமதிக்க வேண்டியதையெல்லாம் அறமும் பாராட்ட வேண்டும் என்றில்லை. எல்லா அரசியல்வாதியும் திருடன் என்று சிரிக்கும்போது எந்தத் திருட்டும் குறிப்பிடப்படுவதில்லை. கை சுத்தமான ஓர் உறுப்பினர் அவமானப்படுகிறார். உண்மையில் கொள்ளையடித்தவர் கூட்டத்தோடு கூட்டமாக நின்று தாமும் சிரித்துவிட்டுப் போகிறார். வாசகருக்கோ, எவன் வந்தாலும் இப்படித்தான் என்ற அலுப்பு மிஞ்சுகிறது. ஸ்விஃப்டுக்குக் குத்தகையும் வரியும் தெரிந்திருந்தன. ஔவை வேலின் முனையைப் பார்த்திருந்தார். ஒப்பந்தம் யாருக்குப் போனது, எந்தப் பாலம் எத்தனை மாதத்தில் விரிசல் விட்டது, யார் கையெழுத்துப் போட்டார் என்பதையெல்லாம் தேடிப் படித்த பிறகு எழுதப்படும் கேலியைத்தான் அதிகாரத்தில் இருப்பவர்கள் உண்மையில் அஞ்சுகிறார்கள்.